பத்தில் ஒரு பங்கு

சபரிநாதன் வீடு வந்து சேர்ந்த அன்று தனப்பிரியா அழுதாள். அவன் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான். அந்தத் தப்பைத் திருத்த அவளுக்கு இரண்டு முழு நாட்கள் பிடித்தன.

ஆனி மாதக் கடைசி. வடக்கே மழை பிடித்துக்கொண்டால் போர்வெல் வண்டிகளுக்கு வேலை கிடையாது. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று பத்து மாதம் பூமியைத் துளைத்துவிட்டு வண்டிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். சங்ககிரி சாலையில் பட்டறைக்குப் பட்டறை வரிசையாக நின்று கிரீஸ் பூசிக்கொள்ளும். ஆட்கள் கறுத்து, இளைத்து, பாதி இந்தி கலந்த பேச்சோடு வீட்டுக்கு வருவார்கள்.

சபரிநாதன், கைலாசம் என்பவரின் வண்டியில் டிரில்லர். மிஷினை நிறுத்தி, பைப்பை இறக்கி, குழி போடுகிறவன். பதினான்கு வருடமாக இதே தொழில். பாறையில் துளைமுனையான பிட்டு இறங்கும் சத்தத்தை வைத்தே தண்ணீர் இருக்குமா, வெறும் புழுதிதானா என்று சொல்லிவிடுவான். ஆனால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் தனப்பிரியா.

மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு. மகள் நித்யஸ்ரீ ஏழாம் வகுப்பு, பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான்காவது முறை சோறு போட்டுக்கொண்டு, ஏப்பம் விட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து அவன் கூப்பிட்டான்.

"புள்ள, ஒரு சங்கதி சொல்லோணும். இங்க வந்து உக்காரு."

"கையெல்லாம் ஈரமுங்க."

"இருந்தா இருக்குது. காதுலதான கேக்கப் போறே."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மொதலாளி புதுசா ஒரு வண்டி எடுக்கறாரு. பத்துப் பங்கு. அதுல ஒண்ணு நம்முளுது."

"நம்முளுதுன்னா?"

"நம்முளுதுன்னா நம்முளுது. பங்குக்கு அஞ்சு லட்சம் முன்பணம், மிச்சம் பைனான்ஸு. ஆவணி மொத முகூர்த்தத்துல எழுதறாங்க. அதுக்கப்பறம் உன்ற புருசன் சம்பளத்து ஆளு இல்ல. ஓனரு. முழு ஓனரு இல்ல, பத்துல ஒரு ஓனரு. பத்து வெரல்ல ஒரு வெரலு மட்டும் ஓனருன்னு வெச்சுக்கயேன்."

"அஞ்சு லட்சத்துக்கு எங்கீங்க போறது?"

அவன் சிரித்தான். ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

"எங்கயும் போக வேண்டாம். மொதலாளிகிட்ட கெடக்குது. மாசம் மாசம் சம்பளத்துல கொஞ்சம் அவருகிட்டயே உட்டுட்டு வந்தேன். அஞ்சு லட்சத்து இருவதாயிரம். ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கே தெரியாது பாரு!"

அந்தத் தொழிலில் அது புதிதல்ல. சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளியிடமே விட்டு வைப்பார்கள். வட்டி கிடையாது. ஆனால் பங்கு விழும்போது அப்படி விட்டு வைத்தவனுக்குத்தான் முதல் அழைப்பு. இன்றைய முதலாளிகளில் பாதிப்பேர் அந்த வழியாக வந்தவர்கள். கைலாசமே ஒரு காலத்தில் பைப்பு தூக்கியவர்தான். யாருக்குப் பங்கு வரப்போகிறது என்பதை எழுதும் நாள் வரை வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். பெண்டாட்டிக்குச் சொன்னாலும் அது வெளியே சொன்னதுதான் என்று சபரிநாதன் எண்ணியிருந்தான்.

அப்போதுதான் தனப்பிரியா அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

"அட, இதுக்கு எதுக்கு அழுவாச்சி? ஓனர் பொண்டாட்டி அழுவலாமா?" என்று அவன் அவள் தலையில் தட்டினான்.

பீரோவில், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில், இரண்டு கிரெடிட் கார்டுகள் இருந்தன. இரண்டிலும் சேர்த்து மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கடன்.

அவள் பள்ளிபாளையத்தில் ஒரு துணி ஏற்றுமதி அலுவலகத்தில் பில் போடுகிறவள். மூன்று வருடத்துக்கு முன்னால் அலுவலக வாசலில் குடை விரித்து உட்கார்ந்த ஒரு வங்கி ஆள், சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து எல்லோருக்கும் கார்டு போட்டுக் கொடுத்தான். அதை அவள் ஆறு மாதம் தொடவே இல்லை. பிறகு ஒரு காலையில் நித்யாவுக்கு வயிற்றுவலி. குடல்வால், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் நாற்பத்தெட்டாயிரம் கட்டச் சொன்னார்கள். நகை முழுக்க ஏற்கெனவே கூட்டுறவு வங்கியில். வீட்டு மனை வாங்கியபோது போனது. சபரிநாதன் அப்போது ஜக்தல்பூர்ப் பக்கம் காட்டுக்குள் இருந்தான். அவள் கார்டைத் தேய்த்தாள்.

அன்று சாயங்காலம் அவன் போன் செய்து, "எல்லாம் எப்படி?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கோமுங்க. சாப்டீங்களா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னாள்.

பொய் சொல்லும் பழக்கம் உள்ளவள் அல்ல அவள். வண்டி வெளியே இருக்கும்வரை வீட்டுக் கஷ்டத்தை ஆளிடம் சொல்வதில்லை என்பது அந்த வட்டாரத்து போர்வெல் பெண்களின் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாசி என்று ஒருத்தர் இருந்தார், இதே கைலாசம் வண்டியில். மகனுக்குக் காய்ச்சல், மூளைக்கு ஏறிவிடும் போலிருக்கிறது என்று மனைவி போனில் அழுதாள். அரைமணி நேரம் கழித்து, பைப்பு மாட்டும் இடத்தில் அம்மாசியின் இரண்டு விரல்கள் போயின. மகனுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாளே இறங்கிவிட்டது. அதிலிருந்து எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் வாயைத் திறப்பதில்லை. 'நல்லா இருக்கோமுங்க' என்ற ஒரே வார்த்தையில் பத்து மாதத்தை ஓட்டிவிடுவார்கள்.

அந்த மழைக்கு அவன் ஊர் வந்தபோது ஆபரேஷனைச் சொன்னாள். பணம் ஏது என்று கேட்டான். "ஆபீசுல முன்பணம் குடுத்தாங்க" என்றாள். அந்த ஆபீசை அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அப்படிக் கும்பிட்டவனிடம் மேற்கொண்டு என்ன சொல்வது?

மேலும், கடன் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் அவள் நம்பினாள். லாரிக்கும் போர் வண்டிக்கும் தவணை கட்டிப் பழகிய ஊர் அது. மாதம் தவறாமல் கேட்கிற தொகையைக் கட்டினால் முப்பத்தாறாம் மாதம் வண்டி உன்னுடையது. பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. கார்டுக்காரன் மாதம் குறைந்தது இரண்டாயிரத்து நானூறு கட்டு என்றான். அவள் ஒருநாள் பிந்தாமல் கட்டினாள். பத்து மாதம் கழித்து உட்கார்ந்து பார்த்தபோது, இருபத்துநாலாயிரம் கட்டியும் நாற்பத்தெட்டாயிரத்தில் ஏழாயிரம்தான் குறைந்திருந்தது. மாதத்துக்கு மூன்றே முக்கால் வட்டி. அதை அவள் அதுவரை படிக்கவே இல்லை.

அதன்பிறகு நடந்ததில் எல்லாம் அவசரம் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடக் கட்டணம் அவசரம்தான். பிரிட்ஜ் பழுதானது, சரி. ஆனால் முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு சோபா எதற்கு? நித்யாவின் பிறந்தநாளுக்கு உறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று ஒரு நாள், கால்மணி நேரத்தில் முடிவு செய்தது. தவறாமல் கட்டுகிறவள் என்று கார்டுக்காரன் வரம்பை ஏற்றிக்கொண்டே போனான். இரண்டாவது கார்டும் வந்தது. அப்புறம் இதில் எடுத்து அதற்கு, அதில் எடுத்து இதற்கு.

மூன்றாம் நாள் காலை தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் அவனுடைய கிரீஸ் படிந்த துணிகளைத் துவைத்துக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பாதியில் பிரஷ்ஷை எடுத்துவிட்டான். நுரையோடு நின்று முழுவதும் கேட்டான். வாய் கொப்பளித்தான்.

"வட்டி எவ்வளவுன்னே?"

"மாசத்துக்கு மூணே முக்காலுங்க."

"நம்மூரு வட்டிக்காரனே மூணுதான் கேக்கறான். அவன் வந்தா ஊட்டு வாசல்ல நின்னு சத்தமாச்சும் போடுவான், நாலு பேருக்குத் தெரியும்." பிரஷ்ஷைக் கழுவி வைத்தான். "ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"வண்டியில இருக்கற ஆளுகிட்ட எப்படீங்க சொல்றது?"

"மழைக்கு ஊட்டுக்கு வந்தப்ப?"

அவள் சட்டைக் காலரைத் தேய்த்தாள். அழுக்கு போன பிறகும் தேய்த்தாள். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"நீங்க ஏனுங்க எங்கிட்டச் சொல்லல? அந்த ஆஸ்பத்திரி அன்னிக்கு மொதலாளிகிட்ட எவ்வளவு இருந்துச்சு?"

அவன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். முகத்தில் அது தெரிந்தது.

"மூணு லட்சம் சொச்சம்," என்றான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வட்டியில்லாமல் மூன்று லட்சம் சங்ககிரி சாலையில் சும்மா கிடந்தது. அதே நாளில் நாற்பத்தெட்டாயிரத்துக்கு அவள் மூன்றே முக்கால் வட்டி. ஒரே ஒரு போன் போதுமாயிருந்தது. போனை அவள் எடுக்கத்தான் செய்தாள். எடுத்து, சாப்டீங்களா என்று கேட்டாள்.

"சரி," என்றான் அவன். "மொதல்ல இத முடிப்போம். கடன வெச்சுக்கிட்டுப் பங்குல உக்கார்றது எனக்கு ஆகாது."

கைலாசத்தின் பட்டறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் ஒரு கம்ப்ரசருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சபரிநாதன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னான். மனைவி பெயரை இழுக்காமல் 'ஊட்டுல ஒரு கடன்' என்று மட்டும் சொன்னான். அதுவே அவளைச் சுட்டது.

"மூணே காலு எடுத்தேன்னா மிச்சம் ஒண்ணு தொண்ணூத்தஞ்சு. பங்கு எப்படிடா எழுதறது?" என்றார் கைலாசம்.

"பாக்கி மூணு லட்சத்த ஒரு வருசத்துல அடைக்கறனுங்க. பங்குல வர்ற காசுலயே புடிச்சுக்குங்க."

"நானும் சரின்னு சொல்லிப்போடுவேன். மத்த ஒம்போது பேரு? உனக்குக் கடன் வெச்சா ஒம்போது பேரும் எனக்கும் எனக்கும்னு வரிசையில நிப்பானுக. வண்டி விக்கறவன் ரொக்கந்தான் கேப்பான், சபரி." அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "முகூர்த்தத்து வரைக்கும் பாக்கறேன். பொரட்ட முடிஞ்சா பொரட்டு. இல்லாட்டி அன்பழகன் காத்துக்கிட்டிருக்கறான். அவனும் ஆளு நல்லவன்தான்."

அன்பழகன் தம்மம்பட்டிக்காரன். சபரிநாதனிடம் பைப்பு மாட்டக் கற்றுக்கொண்டவன்; அவனைவிட எட்டு வயது சின்னவன்.

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள். கடன் கட்டத் தடையில்லை. கைலாசம் பணத்தை வங்கியில் போட்டுவிட, போன் வழியாகவே இரண்டு கார்டுக்கும் கட்டியாயிற்று. ஆறு வருடச் சேமிப்பில் பாதிக்கு மேல் போக, பத்து நிமிடம் கூட ஆகவில்லை. பணம் வந்து சேர்ந்தது, நன்றி என்று செய்தி வந்தது. தனப்பிரியாவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்று பகலில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த தூக்கம் அது.

மறுநாள் இன்னொரு செய்தி. தங்கள் கார்டுகளில் இப்போது செலவழிக்கக்கூடிய தொகை இவ்வளவு என்று. இரண்டையும் கூட்டினால் மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.

அதை அவள் அவனிடம் காட்டினாள். இனி எதையும் மறைப்பதில்லை என்ற புது வைராக்கியத்தில் காட்டினாள். அவன் போனை வாங்கி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவன் வாயைத் திறந்தான்.

"சேலத்துல, செவ்வாய்ப்பேட்டையில ஒரு மொத்த மளிகைக்கடை. கார்ட தேய்ச்சா, சாமான் வாங்குன மாதிரி பில் போட்டுட்டு, கையில ரொக்கங் குடுக்கறானாம். நூத்துக்கு ரெண்டரை கமிசன்."

"வேண்டாங்க."

"ஒரு வருசம் புள்ள. மூணு லட்சம். பங்குல மாசம் முப்பதாயிரம் வந்தாக்கூட வட்டியக் கட்டி அசலையும் அடைச்சுப்போடலாம். கணக்கு போட்டுப் பாத்துட்டேன்."

"தண்ணி வராத மாசமும் இருக்குமுங்களே. வண்டி பழுதுன்னு நிக்கற மாசமும் இருக்கும்."

"பதினாலு வருசமா நானு அடுத்தவனுக்குக் குழி போட்டுக்கிட்டிருக்கறேன்." அவன் குரல் உயரவில்லை. "எனக்கு நாப்பத்தொண்ணு ஆவுது. அடுத்த பங்கு எப்ப உழுவும்னு நெனைக்கறே? அப்ப என்ற முதுகு இருக்குமா?"

அதற்கு மேல் பேசும் உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கார்டு அவள் பெயரில் இருந்ததால் அவளும் கூட வந்தாக வேண்டும். சனிக்கிழமை காலை பஸ் ஏறினார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் ஆட்டோவும் மூட்டை வண்டியும் ஆளும் ஒரே சந்துக்குள் நெருக்கிக்கொண்டு கிடந்தன. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே கடையைக் கண்டுபிடித்தார்கள். இவர்கள் கிரெடிட் கார்டு என்று வாயெடுப்பதற்குள்ளேயே கல்லாவில் இருந்தவர் நாற்காலி போட்டார்.

"வாங்க சார், வாங்கம்மா. டீ சொல்லட்டா? எவ்வளவு வேணும்? மூணா? போட்டுடலாம். அம்பத்தஞ்சு மூட்டை துவரம் பருப்பு எடுத்தீங்கன்னு பில்லு. பில்லு பக்காவா இருக்கும்."

"போர் வண்டியில பங்கு வாங்க வந்தவங்க, அம்பத்தஞ்சு மூட்டைப் பருப்ப வெச்சு என்னங்க பண்றது?" என்றான் சபரிநாதன், சிரிப்போடு. அவன் நல்ல மனநிலையில் இருந்தான்.

"பங்கு வாங்கப் போறீங்க இல்ல, ஊருக்கே சாம்பார் ஊத்துங்க!"

இருவரும் சிரித்தார்கள். கடைக்காரர் முதல் கார்டை மிஷினில் செருகி, ஒன்றரை லட்சம் என்று அடித்து, அவளிடம் நீட்டினார்.

"நம்பர் போடுங்கம்மா."

நாலு எண். நித்யா பிறந்த வருடம். மிஷின் அவள் உள்ளங்கையில் லேசாக இருந்தது. ஒரு சோப்பு டப்பா கனம்கூட இல்லை. சின்னத் திரையில் ஒன்று, ஐந்து, நான்கு பூஜ்யம். ஆஸ்பத்திரிக் கல்லாவில் இப்படித்தான் நீட்டினார்கள். சோபாக் கடையிலும் இப்படித்தான். ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு வருடக் கணக்கு ஓடியது, எல்லாக் கணக்கும் நன்றாகவே வந்தன. இவன் முகத்தில் இப்போது இருக்கிற வெளிச்சம், அன்றைக்குத் தன் முகத்திலும் இருந்திருக்கும்.

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"என்னாச்சும்மா, நம்பர் மறந்துபோச்சா?"

"மறக்கலீங்க." கார்டை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "வேண்டாங்க."

சபரிநாதன் கடைக்காரரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். டீ வந்துவிட்டது. அதை யாரும் தொடவில்லை. கடைக்காரர் இப்படி எத்தனையோ பார்த்தவர் போல அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சந்து முனைக்கு வந்த பிறகுதான் அவன் நின்றான். ஒரு மூட்டை வண்டி அவர்களை ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டு போனது.

"சோபாவுக்குத் தேய்ச்ச கை," என்றான், "பங்குக்குத் தேய்க்க மாட்டேங்குதா?"

பதினான்கு வருடக் கல்யாணத்தில் அவன் அவளை அப்படிக் குத்தியதே இல்லை. அவள் அதை வாங்கிக்கொண்டாள். அது அவளுக்கு உரியதுதான்.

"அது என்னன்னு தெரிஞ்சதனாலதாங்க தேய்க்கல," என்றாள்.

"நீ தேய்க்கறப்ப உன்னத் தடுக்க ஒருத்தரும் இல்ல. எனக்கு மட்டும் நீ இருக்கறே."

திருச்செங்கோட்டுக்குத் திரும்பும் பஸ் ஏறினார்கள். ஜன்னல் பக்கத்தில் அவனும், இந்தப் பக்கம் அவளும், நடுவில் கைப்பையும். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவன் கேட்டது, "நித்யா டியூசன் உட்டு வந்திருப்பாளா?" என்பது மட்டும்தான். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டாவது தீர்ந்திருக்கும்.

ஆவணி முகூர்த்தத்தில் பங்கு எழுதினார்கள். பத்தாவது பெயராக அன்பழகன்.

வண்டி கிளம்பும் நாள் பட்டறையில் பெரிய கூட்டம். புது வண்டி, மஞ்சள் பெயிண்ட் இன்னும் மணத்தது. மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பங்குக்காரர் ஒவ்வொருவரும் குடும்பத்தோடு முன்னால் வந்து ஆளுக்கொரு தேங்காய் உடைப்பது வழக்கம். பெண்கள் பக்கத்தில் பங்குக்காரர் மனைவிகள் முன் வரிசையிலும், வேலையாட்கள் வீட்டுப் பெண்கள் பின்னாலும் நின்றார்கள். யாரும் சொல்லி நிற்பதில்லை, தானாக அமைந்துவிடும்.

அன்பழகனின் மனைவி மஞ்சுளா பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் போய் நிற்கக் கூச்சம். திரும்பிப் பார்த்து, "அக்கா, எனக்குப் பக்கத்துல வந்து நில்லுங்களேன். என்ன பண்றதுன்னே தெரியல," என்றாள்.

"தேங்காய அவரு ஒடைப்பாரு. நீ தட்டப் புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும், அம்மிணி," என்றாள் தனப்பிரியா. முன்னால் போகவில்லை.

ஒன்பது தேங்காய் உடைந்தன. பத்தாவதை எடுத்த அன்பழகன் தயங்கி, பழைய பழக்கத்தில் அதை சபரிநாதனிடம் நீட்டினான். "அண்ணா, நீங்க ஒடைங்கண்ணா."

கைலாசம் வேறு பக்கம் பார்த்தார்.

"பங்கு உன்னுது, தேங்காய நான் ஒடைச்சா சட்னி எனக்குன்னு ஆயிரும்டா!" என்று சபரிநாதன் உரக்கச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அன்பழகன் உடைத்தான். கச்சிதமாக இரண்டு பாதி. நல்ல சகுனம் என்று யாரோ சொன்னார்கள்.

சபரிநாதன் மிஷின் பக்கம் ஏறி, கயிறுகளை இழுத்துப் பார்த்து, பைப்புகள் கட்டியிருக்கிறதா என்று சரிபார்த்தான். புது வண்டிக்கும் அவன்தான் டிரில்லர். அவளிடம் வந்து, "வாரேன் புள்ள. நித்யாவப் பாத்துக்கோ," என்றான். "சரீங்க," என்றாள். பஸ் ஏறும் ஆளிடம் சொல்வது போலச் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மார்கழியில் ஒரு மதியம் போன் வந்தது. அவள் அலுவலகத்தில் பில் அடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைச்சல்.

"நித்யா பரீட்சை எழுதறாளா?"

"எழுதறாளுங்க. கணக்குதான் பயந்துக்கறா. அங்க குளிருங்களா?"

"நெம்பக் குளிரு. தீ போட்டுட்டுத்தான் மிஷினே ஓட்றோம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இந்த வருசம் வண்டிக்கு நல்ல நேரம். போட்ட எடமெல்லாம் தண்ணி. ராத்திரி பகலா ஓடுது. போன மாசம் பங்குக்கு முப்பத்தெட்டாயிரம் வந்துச்சாம். அதுக்கு முந்துன மாசம் முப்பத்தாறு. அன்பழகன் ஊட்டுக்கு மாடி எடுக்கறானாம்."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஊர்க்கதை பேசுவது போலத்தான் சொன்னான். அவனுக்கு வேறு யாரிடம் சொல்வது?

அவள் மனம் அதற்குள் கணக்கில் இறங்கிவிட்டது. மூன்று லட்சம். முதல் மாத வட்டி பதினோராயிரத்துச் சொச்சம். முப்பத்தாறும் முப்பத்தெட்டும் வந்திருந்தால், அடுத்த ஆடிக்குள் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். பிறகு பங்கு பங்காகவே நின்றிருக்கும், ஆயுசுக்கும். அவன் அன்று போட்ட கணக்கு சரி. இவளுடைய பயமும் சரி. இந்த வருடம் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

படிக்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வண்டி வெளியே இருக்கும்போது சொல்லக்கூடாதது எதுவோ, அது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அன்னிக்கு நம்பரப் போட்டிருக்கலாமுங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ இந்தியில் எதையோ கூவினார்கள். போன் அறுந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"ஆமா," என்றான் சபரிநாதன். "போட்டிருக்கலாம்."

பைப்பு மாற்ற வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான். அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.